கரையேறிய படகிலிருந்து கடலுக்குள் போவது என்ன?

16 ஏப்ரல் 2024, காலை

வாசகர் ஒருவர் எழுதியது: "நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகுகளைக் கரையேற்றிச் சுரண்டுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள். படகு பழுதுபார்க்கும் தளங்களால் கடல் கெடுகிறது என்று சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் வந்து விழும் கடலில் ஒரு படகுத் தளத்தின் அழுக்கு கைப்பிடி அளவுக்காவது தேறுமா? மீனவன் மேல் பழி போட இது இன்னொரு வழி என்றே நினைக்கிறேன்."

16 ஏப்ரல் 2024, இரவு

நான் தூத்துக்குடிக்காரன். என் தந்தையார் ஓடாவி, அதாவது மரக்கலத் தச்சர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன தோணிகளுக்குக் கலப்பத்து அடித்து, அதாவது பலகை இடுக்குகளை நீர் புகாமல் அடைத்து, எங்களை வளர்த்தார். தோணித் தொழில் சுருங்கிய பிறகு நாங்கள் விசைப்படகு வேலைக்கு வந்தோம். மூன்று படகுகள் நிற்கக்கூடிய சிறிய தளம் ஒன்றை இருபத்தாறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஆகவே இந்தக் கேள்வி என் வீட்டு வாசலுக்கே வந்த கேள்வி.

பழி மீனவன் மேல் விழக் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்தக் 'கைப்பிடி' எங்கே விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நடுக்கடலில் விழுந்தால் அது கைப்பிடிதான். படகுத் தளங்களோ அலை தடுக்கப்பட்ட துறைமுகத்தின் உள்மூலையில், தண்ணீர் அதிகம் புரளாத இடத்தில் இருக்கின்றன; அப்படிப்பட்ட இடத்தில்தான் படகை இழுத்து ஏற்ற முடியும். நம் கரையில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. உள்ளே விழுந்ததை வெளியே இழுத்துப் போக அந்த ஓதத்துக்கு வலு போதாது.

எங்கள் தளத்தில் படகின் அடிப்பகுதியைச் சுரண்டிய மறுநாள் தரையைப் பார்த்தால், செங்கல் தூளைத் தூவியது போல இருக்கும். அதன் மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் அந்தச் சிவப்பு, சரிவைத் தேடி நேராகக் கடலுக்கு ஓடும். என் தந்தையாரின் உள்ளங்கை ரேகைகளில் அந்த நிறம் ஊறிப்போயிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சோப்புப் போட்டாலும் அது போகாது.

19 ஏப்ரல் 2024

அந்தச் சிவப்பு என்ன என்று இருவர் கேட்டிருந்தார்கள். கொட்டலசும் (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிர்) பாசியும் ஒட்டாமல் இருப்பதற்காக நீர்மட்டத்துக்குக் கீழே அடிக்கும் பெயின்ட்டின் நிறம் அது. அதில் முக்கியமான மருந்து குப்ரஸ் ஆக்சைடு, அதாவது தாமிரச் சேர்மம். பல டப்பாக்களில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் அதுதான் இருக்கும். திராட்சைத் தோட்டத்தில் மயில்துத்தம் தெளிப்பவர்களுக்குத் தாமிரம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூஞ்சையைக் கொல்வது போலவே பாசியையும், ஒட்ட வரும் கொட்டலசுக் குஞ்சையும் அது கொல்லும். கொல்வதற்காகவே செய்யப்பட்ட பொருள், சுரண்டிக் கீழே தள்ளியவுடன் சாதுவாகிவிடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உப்புநீரில் கரைந்த தாமிரம் நீண்ட காலத்துக்கு லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராமை, அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் 3.1 பங்கை, தாண்டக் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வரம்பு வைத்திருக்கிறது. ஒரு கிராம் தாமிரம் கரைந்தால் சுமார் 3,22,000 லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். சுரண்டிய தூளில் ஐந்தில் ஒரு பங்கு தாமிரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ தூளில் 200 கிராம். அது சுமார் 6.4 கோடி லிட்டருக்குப் போதும். 200 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம் கொண்ட ஒரு துறைமுகக் குளத்தில் 16 கோடி லிட்டர் தண்ணீர் இருக்கும். இரண்டரைக் கிலோ தூள் அந்தக் குளம் முழுவதற்கும் கணக்காகிவிடுகிறது. ஒரு படகின் அடியைச் சுரண்டினால் சிமென்ட் சாக்கில் பாதி நிறையும்.

படகுகளால் மட்டுமே ஒரு துறை கெடுமா என்பதற்கும் உதாரணம் உண்டு. சான் டியாகோ நகரில் ஷெல்டர் தீவு என்ற படகுத்துறையில் ஆலை எதுவும் இல்லை, நிற்பவை உல்லாசப் படகுகள். அங்கே தாமிரம் வரம்பை மீறியதால் உள்ளே சேரும் அளவை 76 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2005இல் விதி கொண்டுவந்தார்கள்.

20 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. வேதியியல் கற்பிக்கும் வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. தூளில் உள்ள தாமிரம் முழுவதும் ஒரே நாளில் கரைந்துவிடாது. பெரும்பகுதி பெயின்ட்டின் பசையோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். கரைந்ததிலும் ஒரு பகுதியை நீரில் உள்ள கரிமப் பொருள்கள் பிடித்துக்கொள்ளும். ஆகவே என் கணக்கு உச்ச வரம்புக் கணக்கு மட்டுமே. ஷெல்டர் தீவில் தாமிரத்தின் பெரும்பகுதி, நீரில் நிற்கும் படகுகளிலிருந்து மெல்லக் கசிவதும் நீருக்குள்ளேயே தேய்த்துக் கழுவும்போது வருவதும்தான் என்பதையும் சொல்லாமல் விட்டுவிட்டேன். தளத்தின் கணக்கும் படகின் கணக்கும் வேறு வேறு.

ஆனால் படிந்துவிடும் என்பதில் எனக்கு ஆறுதல் இல்லை. சேற்றில் நண்டு வளை தோண்டுகிறது, புழு மேய்கிறது, இறால் குஞ்சு இரை தேடுகிறது. துறைமுகத்தை ஆழப்படுத்தத் தூர் வாரும்போது பல ஆண்டுச் சேறும் ஒன்றாகக் கலங்கி மேலே வருகிறது.

27 ஏப்ரல் 2024

"குறை சொல்வது இருக்கட்டும், நீங்கள் உங்கள் தளத்தில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்ட நண்பருக்கு.

இளவயதில் நான்கு ஆண்டுகள் சிங்கப்பூரில் ஒரு கப்பல் தளத்தில் வேலை பார்த்தேன். உலர் தளத்தில், அதாவது மதகை மூடித் தண்ணீரை வெளியேற்றிய பள்ளத்தில், கப்பல் நிற்கும்போது எத்தனை தூசி, எத்தனை தேய்ப்புமணல் விழுந்தாலும் விழட்டும். ஆனால் தண்ணீரைத் திறந்துவிடும் முன் தரை முழுவதையும் கூட்டி அள்ளி, மேற்பார்வையாளர் நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே மதகு திறக்கும். அன்று அதை வீண் வேலையாக நினைத்தேன். ஊருக்குத் திரும்பிச் சொந்தத் தளம் நடத்தத் தொடங்கிய பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. கடலில் விழுந்த தூளை உலகத்தில் யாராலும் திரும்ப எடுக்க முடியாது. தரையில் கிடக்கும்போது ஒரு துடைப்பமும் முறமும் போதும்.

ஆகவே நாங்கள் செய்வதெல்லாம் தரையைப் பற்றியது. படகை வின்ச்சில் இழுத்துக் கட்டைகளின் மேல் நிறுத்தியதும், ஏராவின் (படகின் அடி நடுக்கட்டை) இரு பக்கமும் தார்ப்பாய் விரிக்கிறோம். படகின் விளிம்புக்கு வெளியே ஆறடி தூரம் வரை அது நீள வேண்டும். முதலில் கொட்டலசைச் சுரண்டுகிறோம்; அதைத் தனியே அள்ளுகிறோம். அது உயிர்ப்பொருள் என்று கடலில் தள்ளுவது வழக்கம். ஆனால் அதன் அடியில் எப்போதும் பெயின்ட் சில்லு ஒட்டிக்கொண்டு வருகிறது. பிறகு உப்புத்தாள் வேலை. மாலையில் விளக்கு வைப்பதற்கு முன் கூட்டிச் சாக்கில் கட்டிவிட வேண்டும். மறுநாளைக்குத் தள்ளக் கூடாது. பெயின்ட்டைக் கலக்குவது விளிம்புள்ள தகரத் தட்டின் மேல்தான். தூரிகை கழுவிய தின்னரைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி இரண்டு நாள் அசையாமல் வைத்தால், நிறம் அடியில் இறங்கி மேலே தெளிந்துவிடும். தெளிந்ததை அடுத்த கழுவலுக்கு எடுத்துக்கொள்ளலாம். இதில் எனக்குப் பணமும் மிஞ்சுகிறது.

கழுவுவதில்தான் இன்னும் எனக்குத் திருப்தி இல்லை. வேகமான பம்ப் வைத்துப் பீய்ச்சினால் அழுக்கோடு நல்ல பெயின்ட்டும் மருந்தும் சேர்ந்து போகிறது. இப்போது சரிவின் கீழ்முனையில் ஒரு வரப்புக் கட்டி, மூன்று அறைகள் கொண்ட தொட்டிக்குக் கழுவுநீரைத் திருப்பியிருக்கிறேன். முதல் அறையில் சில்லு படியும், இரண்டாவதில் தூள், மூன்றாவதிலிருந்து ஓரளவு தெளிந்த நீர் வெளியேறும்.

5 மே 2024

எண்ணெயைப் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன.

எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலுக்கு ஊரில் விலை உண்டு. சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவதற்குக்கூட வாங்கிப் போகிறார்கள். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி அது அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். நான் அப்படித்தான் கொடுக்கிறேன். சட்டம் ஒருபுறம் இருக்க, விலை இருப்பதால் யாரும் அதைக் கடலில் ஊற்றுவதில்லை என்பதே என் அனுபவம். கடலுக்குப் போவது விலை இல்லாத எண்ணெய். அதாவது எஞ்சின் அறையின் அடியில் டீசலும் ஆயிலும் கடல்நீரும் கலந்து தேங்கும் கறுப்புத் தண்ணீர். அதை எவனும் வாங்க மாட்டான். இரவில் பம்ப் போட்டு வெளியே இறைத்துவிடுவது எளிது. பெரிய கப்பல்களுக்குப் பத்து லட்சத்துக்கு 15 பங்கு எண்ணெய் என்ற சர்வதேச வரம்பும், அதற்கான பிரிப்பான் கருவியும் கட்டாயம். 400 டன் கொள்ளளவுக்குக் கீழே உள்ள கலங்களுக்கு அந்தக் கருவி கட்டாயம் இல்லை. நம் விசைப்படகு அந்த அளவின் பக்கத்திலேயே வராது.

இதற்கு மருந்து, எண்ணெயும் தண்ணீரும் சந்திக்காமல் பார்ப்பதுதான். எஞ்சினுக்கு அடியில் ஒரு தகரத் தொட்டியைப் பொருத்திவிட்டால் சொட்டும் ஆயில் அதற்குள் நிற்கும். விசிறித் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில் நீர் புகாமல் அடைக்கும் பேக்கிங்கைத் தடைக்காலத்திலேயே மாற்றிவிட்டால் கடல்நீர் உள்ளே வருவது குறையும். இவை இரண்டும் சேர்ந்தால் படகுக்காரருக்குப் பெரிய செலவு வராது. ஏற்கெனவே கலந்துவிட்டதற்குத் தென்னை நார்க் கழிவைத் துணிப்பையில் அடைத்துப் போட்டுப் பார்த்தேன். எண்ணெயை அது நன்றாகவே உறிஞ்சுகிறது. ஆனால் உறிஞ்சிய பையைத் திரும்ப எடுக்க மறந்தால் பயனில்லை, அதற்கு ஒரு கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும்.

ஒரு வேண்டுகோள். எண்ணெய்ப் படலத்தின் மேல் சோப்புத்தூள் தூவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வானவில் நிறம் கண்ணை விட்டு மறையும், அவ்வளவே. எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து தண்ணீருக்குள்ளேயே கலந்துவிடும். மீன் குஞ்சுக்கு அது இன்னும் கெடுதல். நான் வேலை கற்ற தளம் ஒன்றில் எனக்குக் கொடுத்த முதல் வேலையே காலையில் அந்தத் தூளைத் தூவுவதுதான். பதினேழு வயதில் அதைச் சுத்தம் என்று நம்பினேன்.

11 மே 2024

"நம் பாட்டன் காலத்தில் குங்கிலியமும் புன்னை எண்ணெயும்தான், அப்போது கடல் கெடவில்லை, பழைய முறைக்குத் திரும்பினால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த வாதத்தை என் வீட்டிலேயே பலமுறை கேட்டிருக்கிறேன், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பஞ்சைத் திரித்துப் பலகை இடுக்கில் உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது என் தந்தையாரின் வேலை. அது நீர் ஒழுகாமல் காக்கும். கொட்டலசை அது தடுக்காது. மரம் துளைக்கும் புழுவையும் முழுமையாகத் தடுக்காது. பழைய காலத்தில் கடலைக் காத்தது அந்தப் பூச்சைக் காட்டிலும் பழக்கமே. கட்டுமரத்தைத் தொழில் முடிந்ததும் கரையேற்றி, கட்டை அவிழ்த்து வெயிலில் காயப்போட்டார்கள். ஒட்ட வந்த உயிர் எதுவும் காய்ந்த மரத்தில் பிழைக்கவில்லை. வெயில்தான் அவர்களுடைய அடிப்பெயின்ட்.

இதில் இன்றைக்கும் பயனுள்ள ஒரு செய்தி உண்டு. நாள்தோறும் மணலில் இழுத்து ஏற்றும் ஃபைபர் படகுக்கு மருந்துப் பெயின்ட் வேண்டியதே இல்லை. ஆனாலும் சிலர் பெரிய படகைப் பார்த்துச் சிவப்புப் பெயின்ட் வாங்கி அடிக்கிறார்கள். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் மணல் அதைத் தேய்த்து எடுத்துக் கடற்கரையில் விட்டுவிடுகிறது. காசும் போய், மணலும் கெடுகிறது. தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். விசைப்படகு பழுதுபார்க்க ஏற்றும் நாள்கள் தவிர ஆண்டு முழுவதும் நீரிலேயே நிற்கிறது, அதற்குப் பூச்சு வேண்டும். இல்லையென்றால் அடியில் கொட்டலசு ஏறி, டீசல் செலவு கூடி, புகையாக வேறு கெடுதல் வரும்.

23 மே 2024

தார்ப்பாயைப் பற்றி நான் எழுதியதில் ஒரு குறை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பிடித்துவிட்டது. நேற்றுப் பிற்பகல் தார்ப்பாயின் ஒரு மூலை எழும்பி, அரை நாள் சுரண்டிய தூள் முழுவதையும் ஒரே வீச்சில் நீர்முனைக்குத் தள்ளிவிட்டது. கல் வைத்திருந்தோம், கல் போதவில்லை. வேலையாள் தம்பி கண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, கடலைப் பற்றி இத்தனை எழுதிய நான் அவனுடைய மூச்சைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பது உறைத்தது. கடலுக்குப் போகும் தூள் முதலில் அவனுடைய நெஞ்சுக்குள்தான் போகிறது.

இன்று மாற்றிக்கொண்டோம். தார்ப்பாயின் ஓரங்களை மரச்சட்டத்தில் ஆணி அடித்து மணல்மூட்டை வைத்தாயிற்று. காற்று வரும் பக்கம் நிழல்வலையைப் படகின் மேல்தட்டிலிருந்து தரை வரை தொங்கவிட்டிருக்கிறோம். காற்று வலுக்கும் பிற்பகலில் தேய்ப்பு வேலை கிடையாது. அப்போது எஞ்சின் வேலை, கயிறு வேலை. உலர்ந்த உப்புத்தாளுக்குப் பதில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளைக் கொடுத்திருக்கிறேன். தூசி பறப்பது பெரிதும் குறைந்தது, ஆனால் சேறு போன்ற குழம்பு வழிகிறது. அதையும் தட்டில் பிடிக்க வேண்டியிருக்கிறது. முகமூடி அனைவருக்கும் உண்டு. வெயிலில் அதை மாட்டிக்கொண்டிருப்பது கடினம் என்பதால் வேலை நேரத்தைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கிவிட்டோம்.

2 ஜூன் 2024

தேங்காய்ப்பட்டணத்து நண்பரின் கடிதம் என்னை யோசிக்க வைத்தது. அவர்கள் பக்கம், மேற்குக் கரையில், தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதாவது தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாள்களிலேயே படகு வேலை நடக்கிறது. "மாலையில் கூட்டுங்கள் என்கிறீர்கள், எங்களுக்கு மாலை வரை தூள் தரையில் தங்குவதில்லையே" என்று கேட்கிறார்.

நான் கிழக்குக் கரையின் வெயிலில் நின்றுகொண்டு எழுதியிருக்கிறேன். எங்களுக்கு ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வேலை, மழை வருவது அக்டோபரில்; இடையில் நான்கு மாதம் கிடைக்கிறது. அவர்களுக்கு நான்கு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. அங்கே தார்ப்பாய் தரையில் இருப்பதைவிடத் தலைக்கு மேல் இருப்பது முக்கியம். கூரை இல்லாமல் சுரண்டவே கூடாது என்று சொல்வேன். மேட்டிலிருந்து ஓடி வரும் மழைநீர் தளத்துக்குள் நுழையாமல் சுற்றி வாய்க்கால் வெட்டிவிட்டால், பெய்யும் மழையில் பெரும்பகுதி அழுக்கைத் தொடாமலே கடலுக்குப் போய்விடும். மூன்று படகுக்கு மேல் நிற்கும் தளத்தில் ஒரு படகுக்கு மட்டுமாவது தகரக் கூரை போட்டு, சுரண்டும் வேலையை முறை வைத்து அந்த இடத்திலேயே செய்யலாம். கூரைச் செலவைத் தள உரிமையாளர் தனியே சுமக்க முடியாது என்று அவர் சொல்வதும் நியாயம். துறைமுகத்துக்குச் செலவிடும் அரசுப் பணத்தில் ஏலக்கூடத்துக்குக் கூரை போடுகிறார்கள். பழுதுபார்க்கும் இடத்துக்கும் போட வேண்டும் என்று சங்கங்கள் கேட்க வேண்டும்.

14 ஜூன் 2024

இன்று நள்ளிரவோடு தடை முடிகிறது. கடைசி மூன்று நாளில் எல்லா ஒழுங்கும் ஆடிப்போய்விட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் படகுக்காரர்கள் நின்று அவசரப்படுத்தும்போது கூட்டுவதற்கு ஆள் ஒதுக்க முடியவில்லை. தடைக்காலம் 45 நாளாக இருந்தபோது இந்த நெருக்கடி இன்னும் மோசம். 2017இல் 61 நாளானதில் மீனுக்குக் கிடைத்த நன்மையைப் பற்றிப் பேசுகிறார்கள், எங்கள் தரைக்கும் பதினாறு நாள் கூடுதலாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜூன் 10க்குப் பிறகு புதிய படகை ஏற்றுவதில்லை என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

9 ஜூலை 2024

பெயின்ட் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டுமா என்று ஓர் இளைஞர் கேட்டார். கட்டாயம் படிக்க வேண்டும் தம்பி, அதற்கு ஒரு வரலாறே இருக்கிறது.

1970களில் டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்ட்டைப் போல வேலை செய்தது வேறு எதுவும் இல்லை என்று கொண்டாடினார்கள். பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்த்தவர்கள், குஞ்சுகள் பிழைக்காததையும் ஓடுகள் தடித்து உருக்குலைந்ததையும் கண்டார்கள். காரணம் பக்கத்தில் நின்ற படகுகளின் அடிப்பெயின்ட். 1982இல் பிரான்ஸ் 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு அதைத் தடுத்தது. லிட்டருக்கு ஒரு நானோகிராம், அதாவது மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே, சில கடல் நத்தை வகைகளில் பெண் இனத்துக்கு ஆண் உறுப்பு முளைக்கச் செய்யப் போதும் என்று பிறகு தெரிந்தது. 2001இல் அதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை உருவாகி, 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் அதில் சேர்ந்தது. சைபுட்ரின் என்ற இன்னொரு மருந்தும் 2023 ஜனவரி முதல் அந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறது.

சங்கும் ஒரு நத்தை வகைதான். சங்கு குளித்து வாழ்ந்த ஊரில் பிறந்த எனக்கு இந்த வரலாறு வெளிநாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை. எங்களுக்கு எதிரே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கடல் தேசியப் பூங்காவாக 1986இல் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பவளப்பாறையும் எங்கள் சரிவும் ஒரே தண்ணீரில்தான் இருக்கின்றன.

பெயரில்லாத டப்பா, லேபிள் கிழிந்த டப்பா, மலிவாகக் கிடைக்கும் பழைய சரக்கு ஆகியவற்றை நான் வாங்குவதில்லை. பழைய இரும்புப் படகுகளில் ஈயம் கலந்த செந்நிற அடிப்பூச்சு இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குப் பத்து லட்சத்துக்கு 90 பங்கு என்ற வரம்பு 2017 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. ஆனால் அந்த விதி வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளுக்கு மட்டுமே உரியது. அதனால் இரும்பில் பழைய பூச்சை எடுக்கும்போது ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம்.

21 ஆகஸ்ட் 2024

ஃபைபர் வேலையைப் பற்றிச் சுருக்கமாக. 2004 சுனாமிக்குப் பிறகு கரை முழுவதும் ஃபைபர் படகுகள் பெருகின. இருபது ஆண்டாகிவிட்டது, விரிசல் ஒட்டும் வேலை எல்லா ஊரிலும் நடக்கிறது. கிரைண்டர் போட்டால் எழும் வெள்ளைத் தூள் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கலந்தது, அது மட்காது. நீர்முனையில் வைத்துத் தேய்க்காமல் பத்து அடி மேலே, வலை கட்டி, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். மீந்த ரெசினை, அதாவது ஃபைபரை ஒட்டும் பசையை, கடலில் ஊற்றாமல், கெட்டியாக்கும் மருந்தைச் சேர்த்து டப்பாவிலேயே கல்லாக விடுங்கள். கல்லான பிறகு அது ஓடாது.

26 அக்டோபர் 2024

நேற்று இரவு நல்ல மழை. விளக்கை எடுத்துக்கொண்டு தொட்டியைப் பார்க்கப் போனேன். மூன்று அறைகளும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. வழிந்த நீர் சிவப்பாக இருந்தது.

ஏப்ரலில் இந்தத் தொட்டியைப் பற்றி எழுதினேன். படிந்ததை அள்ளாத தொட்டி, மழை வரும் வரை அழுக்கைச் சேர்த்து வைத்து மொத்தமாகக் கடலுக்கு அனுப்பும் கிடங்காகிவிடும் என்பதை எழுதவில்லை, அப்போது யோசிக்கவும் இல்லை. ஜூனில் வேலை முடிந்ததும் அள்ளியிருக்க வேண்டும். அடுத்த வேலை, அதற்கடுத்த வேலை என்று தள்ளிப்போட்டேன். மழைநீரைத் தொட்டிக்குள் விட்டதும் தவறு. கழுவும் நாளில் மட்டும் தொட்டிக்குத் திருப்பவும், மற்ற நாளில் அடைக்கவும் ஒரு பலகை மதகு வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், என் பழைய ஆயில் பீப்பாய் ஒன்று மிதந்து போய் வேலியில் சாய்ந்து நின்றது. மூடி இறுக்கமாக இருந்ததால் தப்பித்தோம். அதற்குப் பிறகு பீப்பாய்களை மேடையில் ஏற்றிச் சங்கிலி போட்டேன். தொட்டிக்கு அந்தப் பாடத்தைப் பொருத்திப் பார்க்கவில்லை.

17 நவம்பர் 2024

மழை விட்ட இடைவெளியில் தொட்டியை அள்ளி முடித்தோம். முதல் அறையில் முழங்கை ஆழத்துக்குச் சிவப்புச் சேறு. தார்ப்பாயில் காயவைத்து, சாக்கில் கட்டி, கூரைக்கு அடியில் பலகை மேல் அடுக்கியிருக்கிறோம். சென்ற ஆண்டு இதை எங்கே கொடுப்பது என்று ஓர் அலுவலகத்தில் கேட்டபோது ஊர்க் குப்பையோடு போடச் சொன்னார்கள். போடவில்லை, இனியும் போட மாட்டேன். ஒரு தளத்தின் சாக்குக்காக லாரி வராது என்பதால் பக்கத்துத் தளக்காரர்கள் நான்கு பேரிடம் பேசியிருக்கிறேன். ஐந்து தளமும் சேர்த்து வைத்து, அபாயக் கழிவை ஏற்கும் அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை அனுப்ப முடியுமா என்று விலை கேட்டுக்கொண்டிருக்கிறோம். பழைய பேட்டரிகளையும் அதே பயணத்தில் சேர்க்க எண்ணினேன். அவற்றை விற்ற கடையே திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று ஒருவர் சொன்னார். அங்கே கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் பார்த்தேன். தொட்டியும் தார்ப்பாயும் இல்லாத பழைய மூலையில், என் தந்தையார் காலத்தில் படகு நின்ற இடத்தில், மண்ணை ஒரு சாண் தோண்டினாலும் சிவப்பாகவே வருகிறது. அந்த மண் இருக்கும் வரை நாங்கள் எவ்வளவு கூட்டினாலும் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும். ஏப்ரலில் 'கைப்பிடி அளவுக்காவது தேறுமா' என்று கேட்ட வாசகருக்கு அந்த மண்ணின் படத்தை அனுப்பினேன். "இது கைப்பிடி இல்லை" என்று பதில் எழுதினார். மண்ணை அள்ளுவதா, மேலே காங்கிரீட் போட்டு மூடுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. அள்ளினால் வைக்க இடமில்லை, மூடினால் கடல் பக்கம் சுவரும் எழுப்ப வேண்டும், இல்லையேல் ஓதநீர் அடியிலிருந்து அரிக்கும். இந்த வேலையைச் செய்து முடித்தவர் யாராவது இருந்தால் சுவரை எவ்வளவு ஆழத்துக்கு இறக்கினீர்கள் என்று எழுதுங்கள். ஏப்ரல் 15க்கு முன் தொடங்க வேண்டும்.